ஒன்பதாவது கேள்வி

நவம்பர் 3, திங்கள்

மெஷின் ஓடினால் எழுதச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தார்கள். தேதி, நேரம், எதை வெட்டினோம், யார் வெட்டினார் என்று கட்டம் போட்டிருக்கிறது. மெஷின் ஓடவில்லை. அதனால் என் கதையை எழுதுகிறேன்.

ஜூனில் ஷூ கம்பெனி ஒன்று பழைய லேசர் மெஷினை எங்கள் பள்ளிக்குக் கொடுத்தது. தோல், அட்டை, மெல்லிய பலகை எதுவானாலும் கத்தி இல்லாமல் ஒளியாலேயே வெட்டும். பிளஸ் ஒன் தொழிற்பிரிவில் ஷூ தைக்கப் படிக்கிற இருபத்து மூன்று பேருக்காகக் கொடுத்தது. ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே என்று பள்ளி கேட்டது. அதே கம்பெனியில் எட்டு மாதம் அந்த மெஷின் முன்னால் நின்றவள் என்று என்னை அனுப்பினார்கள். மெஷினோடு வந்த சாமான் நான்.

எதை வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று மெஷினுக்குச் சொல்லக் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அதைப் போட அனுமதி வேண்டும். அனுமதி இல்லை. ஐந்து மாதமாக அது ஒரு பெரிய நீலப் பெட்டி. யாரோ மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். இன்று எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

நிரோஷாவுக்கு முதல் பெஞ்ச், வாய் அதிகம். "மிஸ், இது மெஷினா ஷோகேஸா? சொல்லிட்டீங்கன்னா உள்ள பொம்மை வெச்சிடலாம்" என்றாள்.

கம்பெனியிலிருந்து இன்று கடிதம் வந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதி அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். மெஷின் ஓடவில்லை என்றால் வேறு பள்ளிக்குத் தூக்கிப் போவார்கள். மெஷின் போனால் என் வேலையும் போகும்.

இருபத்தெட்டு நாள்.

நவம்பர் 4, செவ்வாய்

அனுமதிப் படிவம் வாங்கினேன். இரண்டு பக்கம், பதினோரு கேள்வி. டைப் செய்தவர் குர்ஷித் மிஸ். கம்ப்யூட்டர் டீச்சர். பதினான்கு வருஷமாக இங்கே 'தற்காலிக' டீச்சர். படிவத்தில் முதல் கையெழுத்து அவருடையது. அடுத்து ஹெச்.எம். கடைசியில் கரஸ்பாண்டன்ட் தனராஜ் ஐயாவும் நிர்வாகக் குழுவும்.

முன்பு இப்படி ஒரு படிவமே கிடையாது. ஜூலையில், மெஷின் இருக்கிற இந்தக் கம்ப்யூட்டர் லேபுக்குள் வைரஸ் வந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஒரே மதியத்தில் பூட்டிக்கொண்டன. ஆறு வருஷ மார்க்கும் பிளஸ் டூ பிள்ளைகளின் ரெக்கார்டும் போயின. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் படிவம்.

நான்காவது கேள்வி, கல்வித் தகுதி. 'டிப்ளமோ, பாதி' என்று எழுதினேன். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டேன். போரடித்தது.

ஒன்பதாவது கேள்வி: 'இந்த மென்பொருளோ இதன் வேறு பிரதியோ இதற்கு முன் பள்ளிக் கணினியில் நிறுவப்பட்டதா? ஆம் எனில் எப்போது, யாரால்?'

இல்லை என்று எழுதினேன். பத்தாவது கேள்விக்குப் போனேன்.

நவம்பர் 5, புதன்

குர்ஷித் மிஸ் படிவத்தைப் படித்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எதுவும் தப்பு இல்ல சலோமி. ஆனா நான் கையெழுத்து போடமாட்டேன்."

"ஏன் மிஸ்? இது ஒரிஜினல். பள்ளி அனுமதிக் கடிதம் அனுப்பினா கம்பெனியே சாவி தராங்க. சின்ன பென்டிரைவ் மாதிரி இருக்கும். அதைச் சொருகினாத்தான் சாஃப்ட்வேர் தொறக்கும். திருட்டுக் காப்பி இல்ல."

"ஒரிஜினலோ என்னவோ. இந்த லேப்ல இனிமே புதுசா எதுவும் ஏறாது."

"அப்ப எதுக்கு மிஸ் இந்த ஃபாரம்? யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னா ரெண்டு பக்கம் எதுக்கு டைப் அடிச்சீங்க?"

"கமிட்டி கேட்டாங்க, அடிச்சேன்."

படிவத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். சாயந்தரம் என் பைக்குள் இருந்தது. எப்போது வைத்தாரோ.

நவம்பர் 7, வெள்ளி

மழை. லேப் ஜன்னல் ஓரம் ஒழுகுகிறது. மெஷின் மேல் தார்ப்பாய் போட்டோம்.

பிள்ளைகள் தோலைக் கத்தரியால் வெட்டினார்கள். ஷூவின் மேல் பாகத்துக்கு ஏழு துண்டு வேண்டும், ஏழும் பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். கத்தரியில் முன்பக்கத் துண்டின் வளைவு வருவதே இல்லை. நிரோஷாவுக்குக் கட்டைவிரலில் கொப்புளம். "கம்பெனில போய் நின்னா, கத்தரில கத்துக்கிட்டேன்னு சொன்னா சிரிப்பாங்க மிஸ்" என்றாள். சிரிப்பார்கள்தான். நான் அங்கே இருந்தபோது அப்படி வந்தவர்களைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்.

மெஷினின் கேபிள் எட்டுவது ஆறாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். அதில் உட்கார்ந்து துண்டுகளைப் படமாக வரைந்து காட்டச் சொன்னார்கள் பிள்ளைகள். வேறொன்றில் உட்கார்ந்தேன். கீபோர்டு சரியில்லை என்றேன்.

"நல்லாத்தான் மிஸ் இருக்கு."

"நீ போய் வெட்டு."

நவம்பர் 10, திங்கள்

நான்கரை மணிக்கு மேல் வீட்டுக்குப் போனால் அம்மா தையல் மெஷின் சத்தம்தான். நேரம் போகவில்லை என்று லேபில் இருந்தேன். அவ்வளவுதான்.

குர்ஷித் மிஸ் தினமும் ஆறு மணி வரை இருக்கிறார் என்று இன்றுதான் பார்த்தேன். பழைய மார்க் ரிஜிஸ்தர்களை எடுத்து வைத்துக்கொண்டு, போன ஆறு வருஷத்தையும் மறுபடி டைப் செய்கிறார். மூன்று வருஷம் முடித்திருக்கிறார். தனியாக.

"நான் படிக்கறேன், நீங்க அடிங்க மிஸ். சீக்கிரம் ஆவும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ரிஜிஸ்தரைத் தள்ளினார்.

"ஆயிஷா நாப்பத்தொண்ணு. ஆயிஷா அறுவத்தேழு. இன்னொரு ஆயிஷா முப்பத்தெட்டு."

"இனிஷியலோட படி. நாளைக்கு முப்பத்தெட்டு வாங்கினவ அறுவத்தேழு கேட்டு வந்து நிப்பா."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

ஸ்டாஃப் ரூமில் காதில் விழுந்தது. ஜூன் மாதமே குர்ஷித் மிஸ்ஸை நிரந்தரமாக்க ஃபைல் தயாராகியிருந்தது. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு. ஜூலையில் வைரஸ் வந்ததும் 'கவனக்குறைவு' என்று கமிட்டி மெமோ கொடுத்தது. ஃபைல் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு இது தெரியாது. மெமோ கொடுத்தார்கள் என்று தெரியும். நின்ற ஃபைல் பற்றித் தெரியாது.

சாயந்தரம் ஏழாம் வகுப்பு ஏ, பி இரண்டும் முடித்தோம்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய், மைக், பாட்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நாங்கள் குழந்தையா என்று ஒரே கோபம். ஆனால் மிட்டாயை வாங்கிக்கொண்டார்கள்.

பதினேழு நாள்.

நவம்பர் 17, திங்கள்

இன்று நான் பேசியது சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் படிவத்தை நேராக ஹெச்.எம்.மிடம் கொண்டு போனேன். வசந்தகோகிலம் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குர்ஷித் கையெழுத்து இல்லாம நான் போட்டா, நாளைக்கு என்னாச்சுன்னு யாரக் கேப்பாங்க? என்னைத்தானேம்மா?" என்றார். படிவம் மறுபடி என் கைக்கே வந்தது.

காரிடாரில் குர்ஷித் மிஸ் வந்தார். பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை.

"உங்களுக்குப் பயம் மிஸ். உங்க ஒருத்தர் பயத்துக்கு இருவத்தி மூணு பேர் கத்தரி புடிச்சிக்கினு நிக்கணுமா?"

குர்ஷித் மிஸ் சத்தம் போடவில்லை. என்னை லேபுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பயம்தான். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

நான் ஜன்னல் கதவைச் சாத்தப் போனேன்.

"அன்னிக்கு மத்தியானம் ரெண்டேகாலுக்கு எங்க மாமா பையன் கல்யாணப் பத்திரிக்கை அனுப்பியிருந்தான். மெயில்ல. ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பாக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்றவ நான். ஆசையா இருந்துச்சு, தொறந்தேன். ஒரு ரோஜாப்பூ சுத்திச் சுத்தி வந்துச்சு. பத்து நிமிஷத்துல எல்லா ஸ்கிரீனும் செவப்பாயிடுச்சு." கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெமோவுக்குப் பதில்ல அதை எழுதிக் குடுத்துட்டேன். நான்தான்னு. எங்க வீட்டுக்காரர்கூட, ஏன் எழுதின, யாரு பாத்தான்னு கேட்டார். நான் பாத்தேனே."

பிறகு சொன்னார், அன்றிலிருந்து போனில் வருகிற எந்தப் படத்தையும் அவர் திறப்பதில்லை. அக்கா மகளுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. போட்டோ வந்தது, திறக்கவில்லை. பஸ் ஏறிக் குடியாத்தம் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு தடவ என் விரல் பண்ணின வேலைக்கு ஆறு வருஷம் போச்சு. திரும்பவும் அதே விரலால கையெழுத்து போடச் சொல்ற."

சாயந்தரம் டைப் செய்ய நான் இருக்கவில்லை. தலைவலி.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. லீவு. பெரிய பையைத் துவைத்துக் காயப் போட்டேன். காயவில்லை.

நவம்பர் 19, புதன்

ஓசூரிலிருந்து என் சிநேகிதி பிரேமி போன் செய்தாள். அவள் வேலை செய்யும் செல்போன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். ஹாஸ்டல் உண்டு. "திங்கக்கிழமைக்குள்ள வந்துடு, உன் பேரு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். வருகிறேன் என்றேன்.

அம்மா பையைப் பார்த்துவிட்டது.

"இன்னாடி, கதவுல பை தொங்கிக்கினு கீது?"

"துவைச்சேன்."

"மழைல எவளாவது பை தொவைப்பாளா? ஸ்கூல்ல இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. போரடிக்குது."

அம்மா தையலை நிறுத்தவில்லை. "பாலிடெக்னிக்கும் போரு, மொத கம்பெனியும் போரு, ரெண்டாவது கம்பெனியும் போரு. இப்ப ஸ்கூலும் போரா? துன்னுட்டுத் தூங்கு. பை காஞ்சதும் சொல்லு, பஸ்ஸுக்குக் கட்டிக் குடுக்கறேன்."

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 20, வியாழன்

பாலிடெக்னிக் போரடிக்கவில்லை. ஐந்து பேப்பர் அரியர். மார்க் ஷீட் வீட்டுக்கு வருவதற்குள் நின்றுவிட்டேன். மறைத்ததில் இது முதலாவது.

ஜூலை பதினாறு, பதினொன்றே முக்கால். இது இரண்டாவது.

ஹெச்.எம். ஒரு கடிதம் எழுதினால் பத்து நாளில் சாவி தருகிறோம் என்று கம்பெனியில் அப்போதே சொன்னார்கள். மேடம் எழுதுவதாகச் சொன்னார். நான்கு நாள் ஆனது. என்னால் முடியவில்லை. பிள்ளைகள் மெஷினைச் சுற்றி நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். நான் பெரிய ஆள் மாதிரி, நாளைக்கு ஓடும் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். கம்பெனியில் தெரிந்த ஒருவனிடம் பூட்டு உடைத்த காப்பி வாங்கினேன். குர்ஷித் மிஸ் வகுப்புக்குப் போன நேரத்தில் ஆறாம் நம்பரில் பென்டிரைவைச் சொருகினேன். பாதியில் நின்றது. வைரஸ் தடுப்பை நிறுத்து என்று கேட்டது, நிறுத்தினேன். மறுபடி நின்றது. பிடுங்கிக்கொண்டு சாப்பிடப் போனேன். தயிர்சாதம், மாங்காய். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

இரண்டரைக்குத் திரை எல்லாம் சிவப்பு.

அன்று சாயந்தரம் பாலாற்றுப் பாலத்திலிருந்து பென்டிரைவைத் தூக்கிப் போட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் விழுந்து வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. படி இறங்கிப் போய், கையால் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன். மாடு மேய்க்கிறவர், "காசு வுழுந்துடுச்சா பாப்பா?" என்று கேட்டுத் தேடிக் கொடுக்க வந்தார்.

ரோஜாப்பூ ஒன்றும் செய்யவில்லை. அது வெறும் ரோஜாப்பூ.

நவம்பர் 21, வெள்ளி

புதுப் படிவம் வாங்கினேன். ஒன்று முதல் எட்டு வரை அதே பதில்.

ஒன்பதாவது கேள்விக்கு முதலில் தனித் தாளில் எழுதிப் பார்த்தேன். ஹெச்.எம். கடிதம் தாமதம், பிள்ளைகளின் ஆர்வம், அனுபவக் குறைவு என்று ஒரு பக்கம் ஓடியது. படித்துப் பார்த்தால் தப்பு செய்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள், என்னைத் தவிர. கிழித்தேன். படிவத்தில் விட்ட இடம் ஒன்றரை அங்குலம். அதில் கொள்வதை எழுதினேன்.

'ஆம். பூட்டு உடைத்த பிரதி. 16 ஜூலை, காலை 11.45. ஆறாம் எண் கணினி. வைரஸ் தடுப்பை நிறுத்தி நிறுவியவர்: ம. சலோமி.'

நான்கரை மணிக்குக் குர்ஷித் மிஸ் மேஜையில் வைத்தேன். ஓடவில்லை. காலுக்கு ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விரலை வைத்துப் படித்தார். ஒன்பதில் விரல் நின்றது. மழை நின்று, மறுபடி பிடித்தது.

"பதினொன்னே முக்காலா?"

"ஆமா மிஸ்."

"நான் பத்திரிக்கைய தொறந்தது ரெண்டேகாலு."

"ஆமா மிஸ்."

கைப்பையிலிருந்து போனை எடுத்தார். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. திறக்காமல் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கல்யாணம். குழந்தை. குழந்தை குளிக்கிறது. குழந்தைக்குத் தொப்பி. யாரோ ஒரு கிழவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அதில் வெகுநேரம் நின்றார். "பெரியப்பா. செப்டம்பர்ல தவறிட்டார்" என்று போனிடம் சொல்வது போலச் சொன்னார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

கடைசியில் நிமிர்ந்தார்.

"தினம் என் பக்கத்துல உக்காந்து ஆயிஷா ஆயிஷான்னு படிச்சியேடி. அப்ப வாயில என்ன வெச்சிருந்த?"

போனைக் கைப்பைக்குள் போட்டார்.

"போ. என் கண்ணு முன்னாடி நிக்காத."

நவம்பர் 22, சனி

பை காய்ந்துவிட்டது. அம்மா மடித்துக் கட்டிலின் மேல் வைத்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அரியர் ஐந்தும் சேர்த்து. அம்மா முதன்முதலாகத் தையலை நிறுத்தியது.

"அந்தம்மா வேல போச்சா?"

"போகல. நின்னுக்கினு கீது."

"அப்ப நீயும் நின்னு பாத்துட்டு வா. ஓசூரு எங்கயும் போவாது."

நவம்பர் 24, திங்கள்

பிரேமிக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினேன். பதிலுக்குக் கோபமான பொம்மை ஒன்று அனுப்பினாள்.

குர்ஷித் மிஸ் என்னோடு பேசவில்லை. நான் லேபில் நுழைந்தால் அவர் வெளியே போகிறார். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஹெச்.எம்.முக்கு அனுப்பியிருக்கிறார். மேடமே கூப்பிட்டுச் சொன்னார். "புதன்கிழமை கமிட்டி. நீயும் வரணும். நல்ல புடவை கட்டிக்கிட்டு வா" என்றார். எதற்கு நல்ல புடவை என்று தெரியவில்லை. அம்மாவினுடையதைக் கேட்க வேண்டும்.

நவம்பர் 26, புதன்

நீள மேஜை. ஐந்து பேர். நடுவில் தனராஜ் ஐயா. தட்டில் முறுக்கு. ஹெச்.எம். ஒரு பக்கம், குர்ஷித் மிஸ் ஒரு பக்கம். நான் கதவோரம்.

தனராஜ் ஐயா படிவத்தைச் சத்தமாகப் படித்தார். ஒன்பது முடிந்ததும் முறுக்கு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"படிச்சது பாதி. வேலை பாத்தது எட்டு மாசம். ஆனா லேப்ப ஒரே மத்தியானத்துல முடிச்சிட்ட" என்றார். "இதை ஏம்மா இப்ப எழுதின? யாரும் கண்டுபிடிக்கலையே."

"குர்ஷித் மிஸ் அவங்க பண்ணினதா எழுதிக் குடுத்திருக்காங்க சார். அவங்க பண்ணல."

"உன்னை எதுக்கு வெச்சுக்கணும், சொல்லு."

"வெச்சுக்கணும்னு கேட்டு வரல சார். சாஃப்ட்வேருக்கு அனுமதி கேட்டு வந்தேன். திங்கக்கிழமை ஆள் வராங்க. மெஷின் போனா பிள்ளைங்களுக்குத் திரும்பக் கத்தரிதான்."

ஒரு மெம்பர், செருப்புக் கடைக்காரர், புகை வருமா என்று கேட்டார். தோல் வெட்டினால் முடி கருகும் வாடை வரும், மின்விசிறி இழுத்துவிடும் என்றேன். ரெக்ஸின் மட்டும் வைக்கவே கூடாது, அந்தப் புகை விஷம் என்றேன். "அப்ப ரெக்ஸின் வெக்கக் கூடாதுன்னு ஃபாரத்துல எழுதுங்க" என்றார். எழுதினார்கள்.

பிறகு குர்ஷித் மிஸ் பக்கம் திரும்பினார்கள். அவர் எழுந்து நின்றார்.

"சாஃப்ட்வேர் வரட்டும் சார். பொறுப்பு நான் எடுத்துக்கறேன்."

"இந்தப் பொண்ணு?"

குர்ஷித் மிஸ் இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் ரெண்டு வருஷ மார்க் டைப் அடிக்க பாக்கி இருக்கு சார். அதை முடிக்காம இவள எங்கயும் அனுப்பக் கூடாது."

"இது தண்டனையா, சிபாரிசா?" என்று ஐயா கேட்டார்.

"வேலை பாக்கி இருக்குன்னு சொல்றேன் சார்."

முடிவு இது. குர்ஷித் மிஸ்ஸின் மெமோ ரத்து. அவர் ஃபைல் மறுபடி மேலே போகும். எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. சாஃப்ட்வேருக்கு அனுமதி. மெஷினையும் அதன் கம்ப்யூட்டரையும் ஏப்ரல் வரை நான் தொடக் கூடாது. அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதுவரை மூலையில் உட்கார்ந்து மார்க் டைப் செய்ய வேண்டும்.

வெளியே வந்ததும் குர்ஷித் மிஸ் முன்னால் நடந்துகொண்டே சொன்னார்: "உனக்காகச் சொல்லலை. எனக்குக் கை வலிக்குது."

நவம்பர் 27, வியாழன்

எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் பென்டிரைவ் சொருகுகிற துளை எல்லாவற்றையும் குர்ஷித் மிஸ் மெழுகு வைத்து அடைத்திருக்கிறார். நிரோஷா குனிந்து பார்த்தாள்.

"இன்னா மிஸ், காது குத்தினது தூந்து போன மாதிரி கீது?"

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம். இடைவேளையில் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் மட்டும், "நீங்களா மிஸ்?" என்றான். ஆமாம் என்றேன். "எங்க அக்கா பிளஸ் டூ ரெக்கார்டு அதுல இருந்துச்சு. மூணு நாள் அழுதா" என்றான். மன்னிப்புக் கேட்டேன். அக்காவிடம் சொல்கிறேன் என்று போனான்.

ஒன்பதாம் வகுப்பு ஏ முடித்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

சாவி வந்தது. திங்கட்கிழமை அவர்கள் ஆளே வருவதால் கம்பெனி இரண்டே நாளில் கொடுத்துவிட்டது. கட்டைவிரல் அளவு. இதற்காக அன்று பத்து நாள் பொறுத்திருக்கலாம்.

குர்ஷித் மிஸ் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துத் தானே சாஃப்ட்வேர் போட்டார். மூன்று மணி நேரம். நான் போட்டால் பத்து நிமிஷம். ஒவ்வொரு முறை 'சரி' அழுத்துவதற்கு முன்னாலும் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். மூலையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"மெஷின் நோட்டு எங்க? கட்டம் போட்டது?" என்று ஹெச்.எம். கேட்டார். வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். இதில் எழுதிவிட்டேன் என்றேன். மெஷினே ஓடவில்லையே, எதை எழுதினாய் என்றார். மழுப்பினேன்.

பிரேமி சாயந்தரம் போன் செய்தாள். "எங்கடி இருக்க?"

"ஒம்போதாங் கிளாஸ் பி செக்‌ஷன்ல."

"திரும்பப் படிக்கறியா?"

"டைப் அடிக்கறேன்."

டிசம்பர் 1, திங்கள்

கம்பெனி ஆள் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு அட்டை, பேனா. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அடுத்துத் திருப்பத்தூர் போக வேண்டுமாம். பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான் என் மூலையில்.

குர்ஷித் மிஸ் தோலை மேடையில் விரித்தார். நிரோஷா வரைந்த முன்பக்கத் துண்டு திரையில் இருந்தது. எல்லாம் சரியாக வைத்தார். பவர் எவ்வளவு என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அட்டைக்கு இருக்கிறது, பலகைக்கு இருக்கிறது. தோலுக்கு இல்லை. அது நின்று பழகியவர்களுக்குத்தான் தெரியும். கூடினால் ஓரம் கருகும், குறைந்தால் வெட்டாது.

வெள்ளைச் சட்டை கடிகாரத்தைப் பார்த்தது.

என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். தொடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இருந்தாலும் திறக்கவில்லை. இந்த ஒரு தடவையாவது அவர் கேட்கும்வரை பொறுக்கலாம், கேட்காவிட்டால் போகட்டும் என்று இருந்தேன்.

குர்ஷித் மிஸ் திரும்பாமலே கூப்பிட்டார்.

"சலோமி."

"நாப்பத்தஞ்சு மிஸ். வேகம் இருவது. மொதல்ல விசிறி போட்டுட்டுக் காத்துக் குழாயத் தொறங்க."

தட்டினார். முந்தானையில் கையைத் துடைத்தார். அழுத்தினார்.

சிவப்புப் புள்ளி ஒன்று தோலின் மேல் ஓடியது. பின்னாலேயே மெல்லிய புகை. "அய்ய, முடி கருகற நாத்தம்!" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே முன்னால் நெருக்கினார்கள். நாற்பது செகண்டில் நின்றது. குர்ஷித் மிஸ் மூடியைத் திறந்து துண்டை எடுத்தார். வளைவில் ஒரு பிசிறு இல்லை. ஓரம் கருகவில்லை. அவர் அதை நிரோஷாவிடம் கொடுத்தார். நிரோஷா, கொப்புளம் காய்ந்த கட்டைவிரலை அந்த வளைவின் மேல் ஓட்டிப் பார்த்தாள்.

வெள்ளைச் சட்டை எழுத ஆரம்பித்தது.

"ஆபரேட்டர் யாரு மேடம்?"

"நான்தான். குர்ஷித் பேகம்."

"அங்க மூலைல இருந்து நம்பர் சொன்னது?"

குர்ஷித் மிஸ் மெஷின் மூடியைச் சாத்தினார். சாத்திவிட்டு, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைக் கொஞ்ச நேரம் துடைத்தார்.

"எங்க ஸ்டாஃப்" என்றார்.

நான் தலையைத் தூக்கவில்லை. ஒன்பது பி, பதினேழாவது பெயர். தப்பாக டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்தேன்.